ஒரு சிறு கோட்டினை நீக்கியபோது: ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகளும் ஹைபனும் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டிலிருந்தபடியே பராமரிப்புப் பெறும் முதியோருக்கும் நீண்டகால நோயாளிகளுக்கும் உதவ முன்வரும் தன்னார்வலர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சிக் கையேடு ஒன்று எங்கள் திருத்தக் குழுவிடம் வந்தது. 9 அத்தியாயங்கள் கொண்ட அந்தக் கையேட்டைச் செவிலியர், மருந்தாளுநர், உடலியக்க மருத்துவர் எனப் பலர் தனித்தனியே எழுதியிருந்தார்கள். ஆங்கிலப் பிரதியைச் செம்மைப்படுத்தி முடித்தபின் அது தமிழிலும் வேறு சில மொழிகளிலும் பெயர்க்கப்பட இருந்தது. குழுவில் பொறுப்பாசிரியராக நான், திருத்துநர்கள் இருவர், மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் என நான்கு பேர் இருந்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வெளியிலிருந்து பணியாற்றினார்.

நாங்கள் நால்வரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவர்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி பற்றியெல்லாம் பள்ளியில் ஓரளவு சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் ‘மதர்-இன்-லா’ போன்ற சில சொற்களைத் தாண்டி, சொற்களை இணைக்கும் சிறு கோடான ஹைபனைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே அடையாக நிற்கும்போது, அதாவது கூட்டுப் பெயரடையாக நிற்கும்போது, அவற்றை இணைப்பதற்கு என்று தனியே ஓர் இலக்கணம் இருக்கிறது என்பதைப் பணிக்கு வந்தபின் பழக்கத்தால் அறிந்தோமே தவிர முறையாகக் கற்கவில்லை. இந்த நிகழ்வில் நடந்த தவறுகளுக்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம் என்பதால் இதை முதலிலேயே பதிவுசெய்கிறேன்.

கையேட்டுக்கு நடைநூலாக, அதாவது எழுத்துநடை விதிகளுக்கான வழிகாட்டி நூலாக, ‘சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்’ என்று முடிவாகியிருந்தது. 1906-இல் முதற்பதிப்புக் கண்டு, பதிப்புத் துறையில் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படும் அந்த நூலில் ஹைபனுக்கென்றே நீண்ட அட்டவணை ஒன்று உண்டு. அது எங்கள் மேசையிலேயே இருந்தது. முதற்கட்டப் பணியில் நாங்கள் அதைத் திறக்கவில்லை.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

எழுதியவர்கள் பலர் என்பதால் பிரதியில் ஒருமை இல்லை. ஒரே பக்கத்தில் ‘லாங்-டேர்ம் கேர்’ என்று ஹைபனோடும் ‘லாங் டேர்ம் கேர்’ என்று ஹைபன் இல்லாமலும் வந்தது. மூத்த திருத்துநர், மாறாமல் இருக்க வேண்டிய சில சொற்களை மட்டும் ஒரு பட்டியலில் ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சிய ஹைபன்கள் அனைத்தையும் தேடி நீக்கிவிடலாம் என்றார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று கால நெருக்கடி. மற்றொன்று, 2007-இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 6-ஆம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைபனை நீக்கியது என்ற செய்தி. ஆங்கிலமே ஹைபனைக் கைவிட்டுவரும்போது நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்று அவர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. நான் ஒப்புதல் அளித்தேன். அரை நாளில் வேலை முடிந்தது, பிரதியும் பார்வைக்குச் சீராகிவிட்டது.

செய்தி உண்மைதான். அதிலிருந்து நாங்கள் எடுத்த முடிவுதான் தவறு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அன்று ஹைபனை நீக்கியவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். ‘ஃபிக் லீஃப்’, ‘ஐஸ் கிரீம்’ போன்றவை இரண்டு சொற்களாகப் பிரிந்தன. ‘பம்பிள்பீ’, ‘கிரைபேபி’ போன்றவை ஒரே சொல்லாகச் சேர்ந்தன. அவை ஒரு பொருளுக்கோ ஆளுக்கோ நிலைத்துவிட்ட பெயர்கள். அவற்றின் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்வது அகராதியின் வேலை. கூட்டுப் பெயரடை அப்படிப்பட்டதன்று. எழுதுகிறவர் அந்த வாக்கியத்துக்காக அந்த நேரத்தில் சேர்த்துக் கட்டுவது அது. அடுத்த வாக்கியத்தில் அதே சொற்கள் அவிழ்ந்து தனித்தனியே நிற்கலாம். எந்த அகராதியும் அதை முன்கூட்டியே பட்டியலிட முடியாது. இந்த வேறுபாட்டை நாங்கள் அன்று பார்க்கத் தவறினோம்.

மொழிபெயர்ப்பாளரின் கடிதம்

ஐந்தாம் அத்தியாயம் தன்னார்வலர்களின் பணிநேரத்தைப் பற்றியது. அதில், ஒவ்வொரு வாரத்துக்கும் ‘ட்வென்டி ஃபோர் ஹவர் ஷிஃப்ட்ஸ்’ திட்டமிட வேண்டும் என்று ஒரு வாக்கியம் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் முதலில் அதை ‘24 மணி நேரப் பணிமுறை’ என்று பெயர்த்துவிட்டார். மறுபக்கத்தில் இருந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்தபோது கட்டங்கள் அதற்குப் பொருந்தவில்லை. அன்று மாலை அவர் எனக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி இது:

‘சார், இந்த நான்கு சொற்களை மூன்று விதமாகப் படிக்க முடிகிறது. ட்வென்டியும் ஃபோரும் ஹவரும் சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம். ஃபோரும் ஹவரும் மட்டும் சேர்ந்தால் நான்கு மணி நேர முறைகள் இருபது. ட்வென்டியும் ஃபோரும் மட்டும் சேர்ந்தால் ஒரு மணி நேர முறைகள் இருபத்து நான்கு. பட்டியலில் ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு நான்கு கட்டங்கள் உள்ளன. எனவே இரண்டாவது பொருள்தான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் பட்டியல் இல்லாத இடங்களில் நான் எதைக் கொண்டு முடிவு செய்வது? தமிழில் ‘ப்’ என்ற ஒற்றை எடுத்துவிட்டால் தந்தப் பலகை தந்த பலகையாகிவிடும். யானைத் தந்தத்தால் செய்தது, யாரோ கொடுத்ததாகிவிடும். இந்தப் பிரதியில் அப்படி ஏதோ ஒன்றை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டது போலத் தெரிகிறது.’

மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எழுதிய செவிலியர் ‘ட்வென்டி ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்’ என்று, இரண்டாம் மூன்றாம் சொற்களுக்கு இடையில் மட்டும் ஹைபனிட்டு, பிழையில்லாமல் எழுதியிருந்தார். அந்த ஒரு கோடு இருந்தபோது வாரத்துக்கு 80 மணி நேரப் பணி, இருபது பகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. அதை நாங்கள் நீக்கியபின், ஒரு தன்னார்வலர் ஒரு நாள் முழுவதும் உறங்காமல் நோயாளியின் அருகே இருக்க வேண்டும் என்றும் அதே வாக்கியத்தைப் படிக்க முடிந்தது. சீர்செய்ததாக நாங்கள் எண்ணிய பிரதி, எங்களிடம் வந்தபோது இருந்ததைவிடக் கெட்டுப்போயிருந்தது.

பிரதியில் கண்டவை

மறுநாள் காலை நால்வரும் உட்கார்ந்து மூலப் பிரதியையும் திருத்திய பிரதியையும் ஒப்பிட்டோம். பெரும்பாலான இடங்களில் ஹைபன் போனதால் பொருள் மாறவில்லை. வாசிப்பவர் கண் ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். ஆனால் சில இடங்களில் பொருளே புரண்டிருந்தது.

சாதனங்களை வைக்கும் முறையைச் சொல்லும் பகுதியில் ‘லிட்டில்-யூஸ்டு ரூம்’ என்று இருந்தது. அதாவது அதிகம் புழங்காத அறை. ஹைபன் போனபின் அது ‘லிட்டில் யூஸ்டு ரூம்’, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட சிறிய அறை. ‘லிட்டில்’ என்ற சொல் முதலில் ‘யூஸ்டு’ என்பதைத் தழுவி நின்றது. இப்போது அறையைத் தழுவி நின்றது. இரண்டு பொருளும் ஆங்கிலத்தில் இயல்பானவை என்பதால் மொழிபெயர்ப்பாளருக்கு ஐயமே எழவில்லை. ‘சிறிய அறை’ என்று அவர் பெயர்த்திருந்ததை நாங்கள்தான் கண்டுபிடித்தோம்.

ஆவணங்கள் பற்றிய பகுதியில் ‘ஓல்ட்-பேஷண்ட் ரெக்கார்ட்ஸ்’ என்பது முன்பு பராமரிப்பில் இருந்து இப்போது விலகிவிட்ட நோயாளிகளின் பதிவேடுகளைக் குறித்தது. ஹைபன் நீங்கியபின், பதிவேடுகள்தான் பழையவை என்று ஆகிவிட்டது. இந்த இடத்தில் தமிழும் நமக்கு உதவாது என்பதைக் குறிப்பிட வேண்டும். ‘பழைய புத்தகக் கடை’ என்றால் பழையது கடையா புத்தகமா என்று தமிழிலும் கேட்க வேண்டியிருக்கிறது. ‘பழைய நோயாளிப் பதிவேடு’ என்று பெயர்த்தால் குழப்பம் அப்படியே கடந்துபோகும். ‘முன்னாள் நோயாளிகளின் பதிவேடு’ என்று எழுதினால்தான் தெளியும்.

நோயாளியைத் தூக்கும் முறைகள் பற்றிய அத்தியாயத்தில் ‘டூ- அண்டு த்ரீ-பெர்சன் லிஃப்ட்ஸ்’ என்று இருந்தது. இருவர் சேர்ந்து தூக்குவதும் மூவர் சேர்ந்து தூக்குவதும் என்பது பொருள். ‘டூ’ என்பதன் பின்னால் எதனோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ஹைபன், தனக்குரிய ‘பெர்சன்’ சற்றுத் தள்ளி வருகிறது என்று வாசகருக்குச் சொல்கிறது. மூத்த திருத்துநர் அதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைத்திருந்தார். நானும் அதைப் பார்த்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இரண்டாவது பிழை

மூலப் பிரதிக்கே திரும்பிவிடலாம் என்ற யோசனை உடனே எழுந்தது. ஆனால் அதன்மேல் பல வாரத் திருத்தங்கள் ஏறியிருந்தன. தவிர, மூலமே சீராக இல்லாததால்தானே இந்த வேலையைத் தொடங்கினோம். எனவே இளைய திருத்துநர், தவறான இடங்களில் கண்ட சொற்சேர்க்கைகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் ஹைபனை மீண்டும் ஒரே வீச்சில் சேர்த்தார். நீக்கியது தவறு என்றால் சேர்ப்பது சரி என்று எண்ணினோம். அதுவும் சரியாக அமையவில்லை.

‘ஃபாலோ-அப் விசிட்’ என்பதில் ஹைபன் வேண்டும். அங்கே ‘ஃபாலோ-அப்’ வருகையை விளக்கும் பெயரடை. ஆனால் செவிலியரைத் தொடர்ந்து தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ‘ஃபாலோ அப் வித் த நர்ஸ்’ என்று வரும் இடத்தில் அது வினை, ஹைபன் கூடாது. பட்டியல் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தது. ‘அப்-டு-டேட் லிஸ்ட்’ சரி. ‘கீப் த லிஸ்ட் அப் டு டேட்’ என்று பெயருக்குப் பின்னால் வரும்போது அந்த ஹைபன்கள் தேவையில்லை. அங்கும் அவை ஏறியிருந்தன. ‘வெல்-நோன் மெத்தட்’ என்று முன்னால் நிற்கும்போது கட்டு வேண்டும்; ‘த மெத்தட் இஸ் வெல் நோன்’ என்று வாக்கியத்தின் இறுதியில் பயனிலையாக நிற்கும்போது, நாங்கள் பின்பற்றிய நடைநூலின்படி, வேண்டியதில்லை. இங்கே அகராதியும் ஒரு கண்ணியாகிவிடுகிறது. அகராதியில் ‘வெல்-நோன்’ ஹைபனோடு தலைச்சொல்லாக இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் அப்படியே எழுதிவிடத் தோன்றும். வேறு சில நடைநூல்கள் பயனிலையிலும் சிலவற்றுக்கு ஹைபனை ஏற்றதுண்டு. ஆகவே எந்த நடைநூல் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளாமல் இதில் வாதிட்டுப் பயனில்லை.

மூன்றாவதாக, ‘நியூலி-டிரெயின்டு’ என்பதைப் போன்ற சேர்க்கைகள் முளைத்திருந்தன. ‘லி’ என்று முடியும் வினையடைக்குப் பின் ஹைபன் இடுவதில்லை. காரணம் எளிது. அந்த விகுதியே, தான் அடுத்துவரும் பெயரை அல்ல, நடுவில் நிற்கும் எச்சத்தைத்தான் தழுவுகிறது என்று காட்டிவிடுகிறது. காட்ட வேண்டியதைச் சொல்லே காட்டியபின் குறிக்கு அங்கு வேலை இல்லை. இதை அறிந்ததும் இளைய திருத்துநர், ‘எல்’, ‘ஒய்’ என்ற அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளில் முடியும் சொற்களுக்குப் பின்னால் வரும் ஹைபன் அனைத்தையும் ஒரே கட்டளையில் நீக்கினார். ‘ஃபேமிலி-ரன் ஹோம்’, ‘எர்லி-ஸ்டேஜ் டிமென்ஷியா’ இரண்டும் அதில் அடிபட்டன. ‘ஃபேமிலி’ பெயர்ச்சொல். ‘எர்லி’ பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும். எழுத்தில் ஒரே மாதிரி முடிந்தாலும் இவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

மூன்று முறை கருவியை நம்பி மூன்று முறையும் வெவ்வேறு வகையில் தவறு செய்தபின்தான், ஹைபன் சொல்லின் உடைமை அல்ல என்பது எங்களுக்கு உறைத்தது. ஒரே சொற்சேர்க்கை ஓரிடத்தில் அதைக் கேட்கும், இன்னோரிடத்தில் மறுக்கும். அந்த இடத்தில் எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்பதே கேள்வி, அதற்கு விடைகாண வாக்கியத்தைப் படித்தாக வேண்டும்.

வரிவரியாகப் படிப்பது என்ற முடிவு

அனைத்தையும் ஒரே வீச்சில் மாற்றும் வசதியை இந்தப் பணியில் இனி யாரும் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். தேடும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்தையும் ஒருவர் படித்து முடிவு சொல்ல, மற்றொருவர் சரிபார்ப்பது என்று வகுத்தோம். காலக்கெடுவை நீட்டித்துத் தரும்படி கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன்.

எப்படி முடிவு சொல்வது என்பதில்தான் மொழிபெயர்ப்பாளரின் உதவி மிகப் பெரியது. அவரையே இந்தக் கட்டத்தில் அழைத்துக்கொண்டோம். ஆங்கிலக் கூட்டுப் பெயரடையைத் தமிழில் சொல்ல முயன்றால், பெரும்பாலும் அது பெயரெச்சத் தொடராக அவிழும் என்று அவர் காட்டினார். ‘ஸ்லோ-ஆக்டிங் மெடிசின்’ என்பது மெதுவாகச் செயல்படும் மருந்து. ‘லிட்டில்-யூஸ்டு ரூம்’ அதிகம் பயன்படாத அறை. முதற்சொல் ‘மெதுவாக’, ‘அதிகம்’ என்று இரண்டாம் சொல்லைக் கொண்டு முடிகிறதா, அல்லது ‘மெதுவான மருந்து’, ‘சிறிய அறை’ என்று நேரே பெயரைக் கொண்டு முடிகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். தமிழில் இந்த உறவை உருபும் எச்ச விகுதியும் வெளிப்படையாகக் காட்டிவிடுவதால், ஆங்கிலத்தில் மறைந்திருக்கும் கட்டு தமிழில் சொன்னவுடன் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலம் நம் தாய்மொழி இல்லை என்பதை ஒரு குறையாகவே நாங்கள் அதுவரை கருதிவந்தோம். இந்த வேலையில் அது ஒரு கருவியாயிற்று.

இதோடு, ஆங்கிலத்துக்குள்ளேயே செய்யக்கூடிய ஒரு சோதனையையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டு அடைச்சொற்களுக்கு நடுவே ‘அண்டு’ என்று சேர்த்துப் பார்ப்பது. ‘கிளீன் டிரை டவல்’ என்பதில் ‘கிளீன் அண்டு டிரை டவல்’ என்று சொன்னால் பொருள் கெடவில்லை; சுத்தமானதும் உலர்ந்ததுமான துண்டு. ஆகவே அவை தனித்தனி அடைகள். அங்கே காற்புள்ளிதான் வரும், ஹைபன் வராது. ‘ஸ்லோ அண்டு ஆக்டிங் மெடிசின்’ என்றால் பொருளே இல்லை. ஆகவே அங்கே கட்டு வேண்டும்.

நடைமுறையில் ஒவ்வோர் இடத்திலும் முதலில் பார்த்தது, அந்தச் சேர்க்கை பெயருக்கு முன்னால் நிற்கிறதா என்பதை. நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் அத்துடன் கேள்வி முடிந்தது. நின்றால், வினையடை தன் விகுதியாலேயே தன்னைக் காட்டிக்கொள்கிறதா என்று பார்த்தோம். அதுவும் இல்லை என்றால் தமிழில் சொல்லிப் பார்த்தோம். இந்த வரிசை முக்கியமானது. தமிழ்ச் சோதனையை முதலில் வைத்தால் ‘நியூலி டிரெயின்டு’ என்பதும் ‘புதிதாகப் பயிற்சி பெற்ற’ என்று ஒரே கட்டாக அவிழ்ந்து, தேவையில்லாத ஹைபனைக் கேட்டுவிடும்.

எளிதில் தீராத இடங்கள்

அளவைகள் விரைவில் தீர்ந்தன. எண்ணுக்குப் பின் அலகின் குறியீடு வந்தால், எஸ்ஐ எனப்படும் பன்னாட்டு அலகுமுறையின் மரபுப்படி இடைவெளிதான், ஹைபன் இல்லை: ‘5 எம்ஜி டேப்லெட்’. அலகின் பெயரை எழுத்தால் எழுதினால் சாதாரண இலக்கணம் பொருந்தும்: ‘ஃபைவ்-மில்லிகிராம் டேப்லெட்’. ‘சோடியம் குளோரைடு சொல்யூஷன்’ போன்ற வேதிப்பெயர்களுக்கும் ‘அட் ஹாக் கமிட்டி’ போன்ற இலத்தீன் தொடர்களுக்கும் ஹைபன் தேவையில்லை என்பதில் விவாதம் எழவில்லை.

‘மோர் எக்ஸ்பீரியன்ஸ்டு வாலண்டியர்ஸ்’ என்ற தொடர் எங்களை நெடுநேரம் நிறுத்தியது. அனுபவமுள்ள தன்னார்வலர்கள் இன்னும் பலர் என்றும் படிக்கலாம், அனுபவம் கூடுதலாக உள்ள தன்னார்வலர்கள் என்றும் படிக்கலாம். ‘மோர்’, ‘மோஸ்ட்’, ‘லெஸ்’ ஆகியவற்றுக்குப் பின் பொதுவாக ஹைபன் இடாமல், பொருள் மயங்கும் இடத்தில் மட்டும் இட வேண்டும் என்பது சிகாகோ நடைநூலின் வழி. ஆனால் இங்கே எந்தப் பொருள் என்று எங்களால் பிரதியைக் கொண்டு சொல்ல முடியவில்லை. எழுதியவரையே கேட்டோம். அவர் சொல்ல வந்தது முதற்பொருள், இன்னும் பலர் தேவை என்பது. அந்த இடத்தில் ஹைபன் இட்டிருந்தால் நாங்கள் அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருப்போம். தெளிவுபடுத்துவதாக நினைத்து ஒரு பக்கப் பொருளைத் திணித்துவிடும் ஆபத்து திருத்துநருக்கு எப்போதும் உண்டு. எழுதியவரைக் கேட்க வாய்ப்பிருக்கும்போது கேட்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மிகுந்த கருத்து வேறுபாடு ‘பிளட் பிரஷர் கஃப்’, ‘ஃபர்ஸ்ட் எய்ட் கிட்’ ஆகியவற்றில் எழுந்தது. ‘பிளட் பிரஷர்’ என்பது எல்லாருக்கும் ஒரே பெயராகப் பழகிவிட்ட இரட்டைச் சொல். அதை அடையாக வைத்தாலும் யாரும் பிரித்துப் படிக்கப்போவதில்லை. சிகாகோ நடைநூல் ‘ஹை ஸ்கூல் ஸ்டூடண்ட்’ என்பதை ஹைபன் இல்லாமல் விடுவதும் இதே அடிப்படையில்தான். எனவே அதை அப்படியே விட்டோம். ‘ஃபர்ஸ்ட் எய்ட்’ விஷயத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒப்புக்கொள்ளவில்லை; பிரிட்டிஷ் பதிப்புகளில் ‘ஃபர்ஸ்ட்-எய்ட் கிட்’ என்று ஹைபனோடு பார்த்தே தமக்குப் பழக்கம் என்றார். அவர் சொன்னதும் உண்மையே.

பழகிய தொடர்களுக்கு ஹைபன் தேவையா என்ற கேள்வியில் அனுபவமிக்க அமைப்புகளே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைநூல் 2019-இல், நன்கு பழகிய, தெளிவான பெயர்த்தொடர்களுக்கு ஹைபன் வேண்டாம் என்று தளர்த்தியது. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தின் முதற்காற்பகுதியில் புள்ளி எடுப்பதைக் குறிக்கும் ‘ஃபர்ஸ்ட் குவார்ட்டர் டச்டவுன்’ என்பது அதன் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. எதிர்ப்பு வலுத்ததால் அதே ஆண்டு அந்த எடுத்துக்காட்டைத் திரும்பப் பெற்று ஹைபனை மீண்டும் சேர்த்தது. ஒருவருக்குப் பழகிய தொடர் இன்னொருவருக்குப் பழகியதாக இருக்க வேண்டியதில்லை என்பதே இதில் உள்ள சிக்கல். எங்கள் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. எனவே ஐயம் வந்த இடங்களில், அமெரிக்க இதழாசிரியர் ஒருவருக்குப் பழகியதா என்று கேட்காமல், இந்த வாசகருக்குப் பழகியதா என்று கேட்டோம். ‘ஃபர்ஸ்ட் எய்ட் கிட்’ அவர்களுக்கும் பழகியதே என்பதால் ஹைபன் இல்லாமல் விட்டு, மாற்றுக் கருத்தை, எங்கள் முடிவுகளைக் குறித்துவைக்கும் நடைக் குறிப்பேட்டில் பதிவுசெய்தோம்.

ஹைபனை நம்பாமல் விட்ட இடங்கள்

‘ட்வென்டி ஃபோர்-ஹவர் ஷிஃப்ட்ஸ்’ என்பதற்கு மூலத்தில் இருந்த ஹைபனை மீட்டெடுத்ததோடு நின்றிருக்கலாம். இலக்கணப்படி அது நிறைவானது. ஆனால் மொழிபெயர்ப்பாளரின் ஒற்று உவமையைத் தொடர்ந்து யோசித்தபோது ஒரு வேறுபாடு தென்பட்டது. தந்தப் பலகை என்பதில் உள்ள ஒற்று காதில் விழும். ஹைபன் காதில் விழாது. பேசுவோர் அழுத்தத்தாலும் நிறுத்தத்தாலும் ஓரளவு காட்டலாம் என்றாலும், கையேட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பயிற்சியாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இந்தக் கையேடு வகுப்பில் உரக்கப் படிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது.

ஆகவே தவறாகப் புரிந்தால் நோயாளிக்கோ பராமரிப்பவருக்கோ தீங்கு நேரக்கூடிய எல்லா இடங்களிலும், ஹைபனிட்டுத் தெளிவாக்குவதைவிட வாக்கியத்தையே மாற்றுவது என்று முடிவெடுத்தோம். ‘ட்வென்டி ஷிஃப்ட்ஸ் ஆஃப் ஃபோர் ஹவர்ஸ் ஈச்’, அதாவது ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் கொண்ட இருபது முறைகள், என்று எழுதினோம். தூக்கும் முறைகளையும் ‘லிஃப்ட்ஸ் பை டூ ஆர் த்ரீ பீப்பிள்’ என்று மாற்றினோம். சொற்கள் ஒன்றிரண்டு கூடின. மூத்த திருத்துநர், நடை தளர்ந்துவிட்டது என்று வருந்தினார். நடையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் இந்தப் பிரதியில் நடைக்கு இரண்டாம் இடம்தான்.

பின்விளைவு

வரிவரியாகப் படிக்க 8 பணிநாட்கள் ஆயின. அரை நாளில் முடித்த வேலையைச் சரிசெய்ய எடுத்த காலம் அது. அதன்பின் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து பெயரடைகள் பற்றி வந்த கேள்வி ஒன்றுதான், அதுவும் நாங்கள் எதிர்பாராத திசையிலிருந்து. பக்கவடிவமைப்பில் ‘ஸ்லோ-ரிலீஸ் டேப்லெட்’ என்பது ஹைபனிடத்திலேயே வரி முறிந்து, ‘ரிலீஸ்’ அடுத்த வரிக்குப் போயிருந்தது. பிடிஎஃப் கோப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்த மென்பொருள், வரியிறுதியில் சொல்லை முறிப்பதற்காக இடும் ஹைபன் அது என்று எண்ணி அதை நீக்கிவிட்டு, இரண்டையும் ஒரே சொல்லாக ஒட்டிவிட்டது. எழுத்தில் இரண்டு ஹைபனும் ஒரே கோடுதான் என்பதால் மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. மருந்துப் பெயர்களை ஒட்டிய சில இடங்களில் மட்டும் வரி முறியாத ஹைபனைப் பயன்படுத்தினோம்; யூனிகோடில் அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது. சாதாரண ஹைபனைத் தேடும்போது சில மென்பொருள்களில் அது அகப்படாது என்பதால் எல்லா இடத்திலும் அதை இடவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு பிடிஎஃப் அனுப்புவதையும் நிறுத்தி, மூலக் கோப்பையே அனுப்பினோம்.

இனி மாற்றிக்கொள்பவை

நடைக் குறிப்பேட்டில் கூட்டுப் பெயரடைகளைச் சொற்களாகப் பட்டியலிடுவதை விட்டுவிட்டோம். இப்போது ஒவ்வொரு பதிவும் இரண்டு வாக்கியங்களைக் கொண்டது: பெயருக்கு முன்னால் வரும்போது ஒன்று, பின்னால் வரும்போது ஒன்று. ‘ஃபாலோ-அப்’ போன்றவற்றுக்கு வினையாக வரும் மூன்றாவது வாக்கியமும் உண்டு. பதிவுகள் நீளமாகிவிட்டன என்றாலும் புதிதாக வருகிறவர் கேட்கும் கேள்விகள் குறைந்திருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளரை, பிரதி முடிந்தபின் அல்லாமல் முதல் அத்தியாயத்தின் திருத்தத்திலேயே சேர்த்துக்கொள்வோம். ஒரே வீச்சில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் முன்னால் பிரதியின் படி ஒன்றைத் தனியே வைத்து, மாற்றத்துக்குப்பின் ஏதேனும் ஓர் அத்தியாயத்தை முழுமையாகப் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். அன்று நான் ஓர் அத்தியாயத்தைப் படித்திருந்தால், அது ஐந்தாவதாக இல்லாவிட்டாலும்கூட, ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருக்கும்.

‘ஃபர்ஸ்ட் எய்ட் கிட்’ பற்றிய பதிவு இன்னும் முடிவுறாமல் இருக்கிறது. கையேட்டின் அடுத்த பதிப்பைப் பிரிட்டிஷ் நடையில் கொண்டுவரும் பேச்சு இருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர் தம் குறிப்பைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்.